கடைவாயில் ஆறாவது பல்

சாமி, சுகம் விசாரிக்கிற நாலு வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். மழை, சோளம், கன்று போட்ட மாடு எல்லாம் இன்னொரு நாளைக்கு. உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. பேத்தி சரோஜாவுக்குக் கடைவாயில் கடைசிப் பல் சொத்தையாகிவிட்டது, வலியில் அழுகிறாள், ஒன்பது வயசுதானே ஆகிறது, பால் பல்தான், வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டரிடம் சொல்லிப் பிடுங்கிவிட்டால் நல்ல பல்லாக முளைத்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். காகிதத்தில் இடம் மிச்சமிருந்ததால் எழுதினமாதிரி, கடைசியில் ரெண்டே வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கையெழுத்து உன்னுடையது, பேச்சு அப்படியே உன் அப்பாவுடையது.

பிடுங்காதே. அது பால் பல் இல்லை. போனால் வராது. இதோடு கடிதத்தை முடித்துவிடலாம், ஆனால் அம்மா சொன்னாள் என்பதற்காக நீ எதையும் கேட்டவன் இல்லை. மேட்டூரில் கரண்ட் ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிறவனுக்குக் காரணம் வேண்டும். காரணம் உன் அக்கா நல்லம்மாள். அவளுடைய இடது தாடை ஏன் உள்ளே போயிருக்கிறது, அவள் ஏன் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள் என்று நீ கேட்டபோதெல்லாம் சின்ன வயசில் வந்த காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறோம். காய்ச்சல் வந்தது உண்மைதான். எதனால் வந்தது என்று மட்டும் இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்பது உன் அப்பாவின் ஏற்பாடு. வயசான காலத்தில் பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதினால், நான் அந்தத் தப்புச் செய்தேன், இந்தத் தப்புச் செய்தேன், என்னைப் பொறுத்துக்கொள் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுவார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. செய்தவர் வேறு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஊரே நின்று நல்ல மனுஷன் என்று சொல்லி வழியனுப்பியது.

அந்த நல்ல மனுஷனின் மாட்டுத் தரகுத் தொழில் உனக்குத் தெரியும். மேச்சேரியிலிருந்து கரூர் வரைக்கும் எந்தச் சந்தையிலும் உன் அப்பா பல் பார்த்துச் சொன்னால் அதுக்கு மேல் பேச்சில்லை. மாட்டுக்குக் கீழ்த்தாடையில் முன்னால் இருக்கிற எட்டுப் பல்தான் வயசு சொல்லும். கன்றுக்கு இருப்பது பால் பல். அது ரெண்டு ரெண்டாக விழுந்து அகலமான பல் முளைக்கும், ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்பார்கள். அதற்குப் பின்னால் கடைவாயில் என்ன இருக்கிறது என்று எந்தத் தரகரும் பார்ப்பதில்லை, அங்கே கையை விட்டால் விரல் போய்விடும். இதுதான் உன் அப்பாவின் படிப்பு. அந்தப் படிப்போடு அவர் வீட்டுக்குள்ளும் வந்துவிடுவார். உங்கள் ரெண்டு பேரையும் மடியில் போட்டுக் கொஞ்சியதைவிடக் கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்ததுதான் அதிகம். உன் அக்காவுக்கு முன்பல் விழுந்து முளைத்தபோது வந்தவர் போனவரிடமெல்லாம் நாலு பல் போட்டாச்சு என்று சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு ஒன்பது வயசில், கீழே இடது பக்கம் கடைசிப் பல்லில் சொத்தை விழுந்தது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னேன், ரெண்டு நாள் அடங்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். உன் அப்பா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, முன்னால் நாலு விழுந்தாச்சு, இனிப் பின்னால் இருப்பதெல்லாம் வரிசையாக விழுந்துதான் முளைக்கும், இந்தச் சொத்தையை இப்போதே எடுத்துவிட்டால் புதுசு சுருக்க வரும் என்றார். ஆடாத பல்லாயிற்றே என்று நான் கேட்டேன். விழுகிற பல் என்றால் ஆடும், நாக்கால் தள்ளித் தள்ளியே பிள்ளைகள் அதைக் கழற்றிவிடும். இது தூண் போல நின்றது. "ஏனுங்க, இது எப்ப விழுந்து எப்ப மொளைச்சுதுன்னு உங்களுக்கு நாபகம் இருக்குதுங்களா? எனக்கு இல்லீங்க" என்றேன். நான் கேட்டது சரியான கேள்வி என்பது பின்னால்தான் எனக்கே தெரிந்தது. அவர் சொன்ன பதில், "நான் பாக்காத பல்லா? போ, போயி அடுப்பப் பாரு."

பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்கா போனார் என்று நினைக்கிறாய்? மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரை வரச்சொன்னார். வருஷா வருஷம் நம் எருதுகளுக்கு லாடம் கட்டிய அதே மனுஷர், அதே குறடு. பாவம், அவருக்கு அந்த வேலையில் இஷ்டமே இல்லை. அக்காவின் வாய்க்குள் விரலை வைத்து அசைத்துப் பார்த்துவிட்டு, "பண்ணாடி, இது அசையக் காணமுங்களே. கொஞ்ச நாளு பொறுத்துப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். உன் அப்பா அவளுடைய தலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இழு என்றார். பால் பல் வருவதுபோல அது வரவில்லை. அவர் காலை ஊன்றித் திருகித் திருகி இழுக்கவேண்டியிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் கட்டுத்தறியில் மாடுகள் எழுந்து நின்றன. பல்லை நான்தான் கழுவினேன். அதுவரை அவளுக்கு விழுந்த பற்களையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தவள் நான். ஒன்றிலும் வேர் இருந்ததில்லை, அடியில் மொட்டையாக, குழிவாக இருக்கும். இதற்கு ரெண்டு வேர், என் விரல் கணு நீளம், அதில் ஒன்றில் வெள்ளையாக எலும்புச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. அவரிடம் காட்டினேன். நல்ல வலுவான பல்லு என்றார். மற்றப் பற்களைப்போலவே சாணிக்குள் வைத்து உருட்டி அக்கா கையில் கொடுத்தேன். ரத்தம் துப்பிக்கொண்டே போய் அவளே கூரைமேல் எறிந்தாள், புதுப்பல் சீக்கிரம் வரட்டும் என்று.

மூன்றாம் நாள் முகம் வீங்கியது. அந்தக் காய்ச்சல்தான் நீ கேள்விப்பட்டிருக்கிற காய்ச்சல். வாய் திறக்கமுடியாமல், கஞ்சியைச் சங்கில் புகட்டி, தாடைக்கு வெளியே ஓட்டை விழுந்து சீழ் வந்து, பிள்ளை பிழைப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. பிழைத்தாள். உனக்கு அப்போது ஆறு வயசு, பரமத்தியில் என் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தோம். காய்ச்சல் விட்டதும் அவள் முதல் வேலையாகச் செய்தது, வாய்க்குள் விரலை விட்டுப் பல் முளைத்திருக்கிறதா என்று பார்த்ததுதான். காலையில் எழுந்ததும் பார்ப்பாள், சாப்பிட்டதும் பார்ப்பாள். ஒரு நாள் ஓடிவந்து, "அம்மா, முள்ளு மாதிரி ஒண்ணு குத்துதும்மா, மொளைச்சிருச்சு" என்றாள். உன் அப்பா விரலை வைத்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கணுமே, சந்தையில் நல்ல எருது ஜோடி முடித்துக் கொடுத்தவர் போல என்னைப் பார்த்தார். நாலைந்து நாளில் அது தானாகக் கையோடு வந்துவிட்டது. பல் இல்லை, தாடை எலும்பில் உடைந்த சில்லு.

அதற்குப் பிறகுதான் நான் அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார், பிரசவம் பார்க்கிறவர். என்னிடமிருந்த ஒரே தைரியம் பொம்பளை டாக்டர் என்பதுதான். அவர் அக்காவின் வாயைத் திறந்து பார்த்து, எத்தனை வயசில் பிடுங்கினது என்று கேட்டார். பிறகு என் விரலையே எடுத்து அவள் வாயில் வைத்து எண்ணிக் காட்டினார். அதை நீயும் இப்போது கேட்டுக்கொள். கீழே நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணவேண்டும். முதல் ரெண்டும் வெட்டுகிற பல், மூன்றாவது கோரைப்பல், நாலும் அஞ்சும் கடைவாயில் இருக்கிற பால் பற்கள். இந்த அஞ்சுக்கும்தான் மறு பல் உண்டு. ஆறாவது, ஆறு ஏழு வயசில், எதுவும் விழாமலேயே எல்லாவற்றுக்கும் பின்னால் காலி ஈறைக் கிழித்துக்கொண்டு முளைக்கிறது. ஒன்றும் விழாததால் பெற்றவர்களுக்குப் புதுப்பல் வந்ததே தெரிவதில்லை, அதையும் பழைய வரிசையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் அதற்கு முன்னால் பல் இருந்ததும் இல்லை, அது போனால் பின்னால் பல் வருவதும் இல்லை. ஒரே பல், ஆயுசுக்கும். அவர் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன்: பால் பல் சிறுத்து நல்ல வெள்ளையாக இருக்கும், நிலைப்பல் பெருத்து, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் மஞ்சள் பாய்ந்தாற்போல இருக்கும். முன்பல் என்றால் புதுசாக முளைத்த விளிம்பு அரம்போலச் சொரசொரக்கும். மஞ்சளாக இருக்கிறதே, கெட்டுப்போன பல் என்று நினைத்துவிடாதே, மஞ்சள்தான் அதற்கு அடையாளம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றையிலிருந்து அவள் வாய்க்குள் விரலை வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஊருக்கு வந்து உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. சிரித்தார். பிள்ளைப்பேறு பார்க்கிறவளுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும், லாடக்காரன் திருகினதில் வேர் கெட்டுப்போச்சு, அதனால்தான் முளைக்கவில்லை, பல்லின்மேல் தப்பில்லை, பிடுங்கின முறைதான் தப்பு என்றார். அடுத்த வருஷம் பரமத்தியில் என் அப்பா காலமாகிவிட்டார். வாத்தியாராக இருந்தவர் வீடு, ஆட்கள் வந்து போய்க் காரியமெல்லாம் முடிய நாளாயிற்று, உன்னையும் கூட வைத்துக்கொண்டு நான் அங்கே இருந்தேன். அந்தச் சமயத்தில் அக்காவுக்கு வலது பக்கம் அதே பல்லில் வலி வந்திருக்கிறது. இந்தத் தடவை லாடக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். உன் அப்பா வேறொரு ஆளைத் தேடிப் பிடித்து, பக்குவமாக, வேர் உடையாமல் எடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் வந்து வண்டியை விட்டு இறங்கினபோது அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார், "ரெண்டு பக்கமும் ஒண்ணா மொளைக்கட்டும்னு எடுத்துப்போட்டேன்."

சாமி, முதல் பல் தெரியாமல் போனது. அதை நான் எப்போதோ ஆற்றிக்கொண்டேன், இந்தச் சீமையில் தெரியாமல் பிடுங்கின பல் எத்தனையோ இருக்கும். ரெண்டாவது பல் தெரிந்து போனது. டாக்டரம்மா சொன்னது பொய் என்று நிரூபிக்க அவருக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது, மகளுடைய வாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு நான் அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்: பையன் வாயில் கை வைத்தால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன். அதிலிருந்து உன் உதட்டை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. உனக்கும் சொத்தை வந்தது, கிராம்பும் உப்பும் வைத்துக் காத்து, சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஓட்டையை அடைத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு முப்பத்திரண்டு பல்லோடு கறுக்கு முறுக்கென்று முறுக்குத் தின்கிறாயே, அதில் ஒன்றுகூட உன் சாமர்த்தியம் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும், ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டிருக்கமாட்டாய். வயசு ஏற ஏற அக்காவுக்கு இடது தாடை வளரவில்லை, வலது பக்கம் வளர்ந்தது. பெண் பார்க்க வந்தார்கள். முதலில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நல்ல குடும்பம். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை ஒருத்தி, ரொம்ப அன்பாகத்தான், அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, "எங்க, ஒருக்கா சிரி கண்ணு, பாக்கலாம்" என்றாள். அக்கா சிரித்தாள். என் பிள்ளை அன்றைக்கு ஏன் சிரித்தாள் என்று நினைத்தால் இன்றுவரை என்னால் தாங்கமுடியவில்லை. அவர்கள் பலகாரத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்கள். ஊரிலுள்ள மாட்டு வாயையெல்லாம் திறந்து பார்த்த மனுஷர் அன்றைக்கு எதிரில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்தது என்று சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாயோ. வந்தது. அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே. கடைசியில் ஓமலூர்ப் பக்கம் ரெண்டாம் தாரமாகக் கொடுத்தோம், அவளைவிட ரெண்டு வயசு குறைந்த மகன் இருக்கிற வீட்டில். அவர்கள் கொடுமைக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், கொடுத்தோம்.

உன் கல்யாணத்தில் சேலத்திலிருந்து போட்டோப் பிடிக்கிறவரைக் கூட்டிவந்தாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் வரிசையாக நிறுத்தினபோது, உன் மாமனார் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று, "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றாய். அவளும் திரும்பி நின்றாள். உனக்குத் தெரியாது என்று அன்றைக்கு நான் உன்னை மன்னித்தேன். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, இனி மன்னிக்க என்னிடம் காரணம் இல்லை. உன் அப்பா கடைசிக் காலத்தில் பல்லெல்லாம் போய்ப் படுத்திருந்தபோது ஓமலூரிலிருந்து வந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து ஊட்டினவள் அவள்தான். அவளிடம் அவர் ஏதாவது சொன்னாரா என்று நீ கேட்பாய். சொல்லவில்லை. உப்புக் குறைச்சல் என்றார்.

நேற்று உன் கடிதம் வந்தபோது அக்கா இங்கேதான் இருந்தாள், சோளம் குத்தக் கூட இருக்கலாம் என்று வந்திருக்கிறாள். வழக்கம்போல நான் சத்தமாகப் படித்தேன். அந்த ரெண்டு வரி வந்ததும் அவள் உலக்கையை நிறுத்திவிட்டாள். "எந்தப் பல்லும்மா?" என்று கேட்டாள். கடைசிப் பல்லாம் என்றேன். "ஒம்போது வயசுல கடசின்னா ஆறாவதுதான்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்து நான் கேட்டதில்லை. டாக்டரம்மா சொன்ன எண்ணிக்கை அவளிடம் அப்படியே இருக்கிறது.

ஆகவே நீ செய்யவேண்டியது இதுதான். சரோஜாவை வெயிலில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி நடுவிலிருந்து எண்ணு. சொத்தை நாலிலோ அஞ்சிலோ இருந்தால் அது பால் பல், ஆட ஆரம்பிக்கும்வரை பொறுக்கமுடியாத வலி என்றால் நல்ல டாக்டராகப் பார்த்து எடு, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவதாக இருந்தால் கம்பவுண்டரை வாசலிலேயே நிறுத்து. சேலத்தில் இப்போது பல்லுக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கே கூட்டிக்கொண்டு போய் அடைத்துக்கொண்டு வா. ஆபீஸில் லீவு கிடைக்காது, கரியில் ஓடுகிற பஸ் நேரத்துக்கு வராது, இதற்கெல்லாமா சேலம் என்று நீ சொல்வாய். சொல்லிப் பார்.

இதைத் தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வருமோ என்னவோ. எனக்கு முட்டிவலி, சேலம் போய் ரயில் மாறி வர முடியாது. அக்கா தானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டாள், ஓமலூரிலிருந்து இங்கே வருவதற்கே ஆள் துணை தேடுகிறவள், பக்கத்து ஜேடர்பாளையத்தைத் தாண்டித் தனியாக எங்கும் போகாதவள், காலையில் கிளம்புகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், வரிக்கு வரி படித்துக் காட்டிவிட்டேன். நீ இதைப் படித்து முடிக்கிறவரை எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள், காப்பி கொடுத்தாலும் குடிக்கமாட்டாள். முடித்ததும் நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார். பார்த்துவிட்டு, பால் பல்தானே, முளைத்துவிடும் என்று அவளிடம் சொல்லமுடிந்தால் சொல்.